தமிழைக் குறை சொல்லாதீர்கள், கட்டத்தைக் கேளுங்கள்

கணினியில் தமிழ் ஒழுங்காக வரவில்லை என்று யாராவது வாய் திறந்தால் போதும், ஒரு பதில் தயாராக இருக்கும். "என்ன சார் செய்வது, தமிழில் 247 எழுத்து இருக்கிறதே. இங்கிலீஷ் மாதிரி 26 எழுத்தா?" இதை வங்கியில் கேட்டிருக்கிறேன், சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணினி படித்த பிள்ளைகள். கேட்டுக்கொள்கிறவர்கள் நம்மைப் போன்ற எழுபது வயதுக்காரர்கள். நாமும் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

அது சரியில்லை. தமிழில் எத்தனை எழுத்து இருக்கிறது என்பதற்கும், திரையில் நாம் எழுதும் அந்தச் சின்னக் கட்டம் மக்கர் பண்ணுவதற்கும் சம்பந்தமே இல்லை. குற்றவாளி கட்டம், அதாவது அந்தக் கட்டத்தைச் செய்தவர். இதை விளக்கத்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள், அடுத்த தடவை யாராவது 247 கணக்கைச் சொன்னால் பதில் சொல்ல உங்களுக்கு உதவும்.

முதலில் விசை என்ன செய்கிறது என்று பார்ப்போம். விசைப்பலகையில் 'க' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம், 'ஹெச்' என்று அச்சடித்திருக்கலாம். அதெல்லாம் நம் கண்ணுக்காக. விசைக்கு எழுத்து தெரியாது. அழுத்தினால் "இந்த எண்ணுள்ள விசை அழுத்தப்பட்டது" என்று ஒரு செய்தி போகும், விட்டால் "விடப்பட்டது" என்று இன்னொன்று போகும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த எண்ணை எந்த மொழியின் எந்த எழுத்தாக எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்க நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. 'உள்ளீட்டு முறை' என்று அதற்குப் பெயர். முரசு அஞ்சல், ஈ-கலப்பை என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்களே, அவை இந்த வேலையைச் செய்பவைதான்.

அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஓர் உவமை போதுமாயிருந்தது. உள்ளீட்டு முறை என்பது டிராஃப்ட் போடும் குமாஸ்தா. தபால் வந்ததும் அது அதிகாரி மேசைக்கு நேராகப் போவதில்லை. செக்ஷன் குமாஸ்தாவிடம் வருகிறது. அவர் பழைய கோப்பைப் பார்க்கிறார், டிராஃப்ட் எழுதுகிறார், அடித்துத் திருத்துகிறார். கையெழுத்து ஆன பிறகுதான் அது கடிதம். அதுவரை அது வெறும் டிராஃப்ட். அதைத் தபாலில் அனுப்பவும் கூடாது, குப்பைக் கூடையில் போடவும் கூடாது.

திரையிலும் இதே நடைமுறைதான். விசை அழுத்தியதும் அந்தச் செய்தியை, எழுதும் கட்டம் தானே எடுத்து விழுங்கிவிடக் கூடாது. முதலில் குமாஸ்தாவிடம் கொடுக்க வேண்டும். அவர் "இது எனக்குரியது" என்று எடுத்துக்கொண்டால் கட்டம் சும்மா இருக்க வேண்டும். அவர் முடிவு செய்யாமல் வைத்திருக்கும் எழுத்தைக் கட்டம் ஓர் அடிக்கோடு போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் டிராஃப்ட். முடிவானதும் அவர் கொடுப்பதைப் பதிவு செய்ய வேண்டும். எழுதும் இடம் திரையில் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் காட்டும் சொற்பட்டியல் திரையின் ஏதோ ஒரு மூலையில் போய்த் தொங்கும். கடைசியாக, முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் காட்டவும், அதில் ஓர் எழுத்தை அழிக்கச் சொன்னால் அழிக்கவும் வேண்டும். கட்டத்தின் கடமைகள் இவ்வளவுதான்.

இவற்றை ஒவ்வொரு நிரல் எழுதுகிறவரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் விஷயமே. கதவு செய்யும் ஆசாரி கீலைத் தானே வார்ப்பதில்லை, கடையில் வாங்கி மாட்டுகிறார். அதுபோலப் பொத்தான், பட்டியல், எழுதும் கட்டம் எல்லாம் ஆயத்தமாக டூல்கிட் என்ற தொகுப்புகளில் கிடைக்கின்றன. ஓய்வு பெற்ற பின் என் மகன் வாங்கித் தந்த கணினியில் இருப்பது லினக்ஸ். அதில் ஜிடிகே என்று ஒரு டூல்கிட், படம் வரையும் ஒரு நிரலுக்காக 1990-களில் பிறந்தது. கியூட்டி என்று இன்னொன்று, நார்வேக்காரர்கள் தொடங்கியது. இரண்டின் எழுதும் கட்டங்களிலும் நான் மேலே சொன்ன கடமைகளுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. விசையைக் குமாஸ்தாவிடம் கொடுப்பது, டிராஃப்ட் காட்டுவது, பதிவு செய்வது, இடம் சொல்வது, முன்னெழுத்தைக் காட்டுவது எல்லாம் உண்டு. காசும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாடு யாருக்காக வந்தது தெரியுமா? ஜப்பான், சீனா, கொரியாக்காரர்களுக்காக. ஆயிரக்கணக்கான எழுத்து வைத்திருப்பவர்கள் அவர்கள். "எங்கள் எழுத்து அதிகம், அதனால் கணினி எங்களுக்கு வேண்டாம்" என்று ஜப்பான்காரன் சொல்லவில்லை. 1978-இல் தோஷிபா கம்பெனி ஒரு மேசை அளவு பெரிய சொல்செயலியை அறிமுகப்படுத்தியது. ஒலியெழுத்தில் அடித்தால் அதைக் கான்ஜி எழுத்தாக மாற்றித் தந்தது அது. 1990-களின் தொடக்கத்திலேயே, யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் விண்டோ அமைப்பில், இப்படிப்பட்ட குமாஸ்தாக்கள் உட்காருவதற்கென்று எக்ஸ்ஐஎம் என்ற ஒரு மேசையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வந்த டூல்கிட்டுகள் அதைப் பின்பற்றின. ஜப்பானிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவான எம்17என் என்ற தொகுப்பில் தமிழுக்கு மட்டும் பல விசைமுறைகள் இருக்கின்றன. தமிழ்99 உண்டு, இன்ஸ்கிரிப்ட் உண்டு, பழைய தட்டச்சு முறைகூட உண்டு. கான்ஜி நுழையும் கதவில் நம் 247 எழுத்து நுழைய முடியாதா என்ன?

அதிலும் இந்தக் 'காத்திருக்கும்' வித்தை புதிய சங்கதி அல்ல. நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில் அடித்துப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். பிரெஞ்சில் 'ஈ' எழுத்தின் தலையில் சின்னக் கூரை மாதிரி ஒரு குறி வரும், சிர்கோன்ஃப்ளெக்ஸ் என்று பெயர். தட்டச்சில் அந்தக் குறியை முதலில் அடிக்க வேண்டும். அடித்தால் வண்டி நகராது. 'செத்த விசை' என்றே அதற்குப் பிரெஞ்சில் பெயர். பிறகு எழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், வண்டி நகரும். இன்றைய பிரெஞ்சு விசைப்பலகையிலும் அப்படியேதான். குறியைத் தட்டினால் அது காத்திருக்கும், அடுத்த எழுத்து வந்ததும் சேரும்.

நம் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியும் செத்த விசைதானே? டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதிய சகோதரிகளைக் கேளுங்கள். புள்ளியை அடி, வண்டி நகராது, மெய்யை அடி, நகரும். இரும்பால் செய்த இயந்திரத்துக்குக் காத்திருக்கத் தெரிந்தது. கோடிக் கணக்கில் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு மட்டும் தெரியாதாம். நம்பச் சொல்கிறார்கள்.

தமிழ்99 முறையைப் பார்த்தால் இந்த உடந்தை எவ்வளவு வேண்டும் என்பது தெரியும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இங்கிலீஷ் விசையில் சொன்னால் ஏ, கே, கே, க்யூ. இரண்டாவது 'ம' விழும்போது குமாஸ்தா பின்னால் திரும்பிப் பார்க்கிறார், முதல் 'ம'வுக்குப் புள்ளி வைக்கிறார். 'ஆ' வந்ததும் அதைக் காலாக்கி இரண்டாவது 'ம'வோடு சேர்க்கிறார். 'ங' அடித்து 'க' அடித்தாலும் அப்படியே, 'ங்க' ஆகிவிடும். நம் இலக்கணத்தை அறிந்து செய்த அழகான ஏற்பாடு. ஆனால் முதலில் அடித்த 'ம' எங்கே போயிற்று என்று குமாஸ்தாவுக்குக் கட்டம் காட்டினால்தான் இது நடக்கும். கட்டம் காட்ட மறுத்தால் புள்ளி விழாது, அல்லது எழுத்து இரட்டிக்கும், அல்லது 'அமமஆ' என்று பல்லிளிக்கும். பார்க்கிறவர் என்ன சொல்வார்? "தமிழ் வராது சார்."

எந்தக் கட்டம் இப்படிச் செய்கிறது? டூல்கிட்டில் இருக்கும் நல்ல கட்டத்தை விட்டுவிட்டு, அழகாக இருக்க வேண்டும், வேகமாக இருக்க வேண்டும் என்று தானே ஒரு கட்டத்தை வரைந்துகொள்கிற நிரல்களில்தான் பெரும்பாலும் இந்தக் கோளாறு. விசையை நேராகப் பிடித்து, இது இங்கிலீஷ் எழுத்துதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் சுருக்குவிசைக்காக முதலில் தாங்கள் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குமாஸ்தாவுக்கு அனுப்புகிறார்கள். பாதித் தபாலைக் கிழித்துவிட்டு மீதியைச் செக்ஷனுக்குக் கொடுப்பது மாதிரி. இன்னும் சிலவற்றில், நாம் சொல்லை முடிக்கும் முன் வேறு இடத்தில் சொடுக்கினால் டிராஃப்ட் அப்படியே மாயமாகிவிடும். கடைசி எழுத்து போன விஷயம் படிவத்தை அனுப்பிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

எழுத்து உள்ளே போன பிறகும் தொல்லை விடுவதில்லை. பல படிவங்களில் பெயர்க் கட்டத்தில் 'எழுத்துகள் மட்டும்' என்று ஒரு காவல் வைத்திருப்பார்கள். யூனிகோடு கணக்கில் 'க' எழுத்து. புள்ளியும் காலும் கொம்பும் எழுத்து அல்ல, 'குறி' என்று தனி வகுப்பு. காவல் போட்டவர் குறியை அனுமதிக்க மறந்துவிட்டால், 'கண்ணன்' என்ற பெயரில் புள்ளியைக் கண்டதும் படிவம் "தவறான எழுத்து" என்று சிவப்பில் கத்தும். நீளக் கணக்கும் அப்படித்தான். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் 15 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 45 பைட். இருபது எழுத்துக்கு இடம் கொடுத்திருக்கிறோம் என்பார் நிரல் எழுதியவர். எந்தக் கணக்கில் இருபது என்று யோசித்திருக்க மாட்டார்.

பின்னழிப்பு விசையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று எழுதிவிட்டு ஒரு தட்டுத் தட்டினால், ஒரு நிரலில் எழுத்து முழுதும் போகிறது, இன்னொன்றில் 'க' நிற்கிறது. கண்ணுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. நினைவகத்தில் பொதுவாக 'க'வும் ஒரே ஒரு உயிர்க்குறியும் என்று இரண்டுதான். எது போக வேண்டும் என்பதில் இரண்டு கட்சி இருக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே கணினியில் நான்கு கட்டத்தில் நான்கு மாதிரி நடப்பதுதான் ஆகாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த அம்மாள். ஓர் அலுவலகத்தின் படிவத்தில் தம் பெயரைத் தமிழில் எழுதப் பார்த்தார். புள்ளி வைத்தால் படிவம் ஏற்கவில்லை. புள்ளியை எடுத்தால் ஏற்றுக்கொண்டது. புள்ளியில்லாத பெயர் தம் பெயரில்லை என்பதால் இங்கிலீஷில் எழுதினார். அந்த ஸ்பெல்லிங் பென்ஷன் புத்தகத்தோடு ஒத்துப் போகவில்லை. பிறகு பிரமாணப் பத்திரம், நோட்டரி, அலைச்சல், இரண்டு மாதம். ஒரு புள்ளிக்காக. அங்கேயும் அவரிடம் சொன்னது அதே 247 கதைதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. நம் ஊரில் பிறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை! பெயரில் உள்ள பிரெஞ்சுக் குறி கட்டத்தில் விழவில்லை என்று விட்டுவிட்டால் பழைய காகிதத்தில் ஒரு பெயர், புதிய காகிதத்தில் ஒரு பெயர். பிரெஞ்சில் 'பெஷே' என்ற சொல்லில் கூரைக் குறி இருந்தால் மீன் பிடித்தல், அதற்குப் பதில் சாய்கோடு இருந்தால் பாவம் செய்தல். குறிதானே, விட்டால் என்ன என்று கேட்பவர்கள் மீனவர் ஒருவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் என்ன செய்தார்கள்? அங்கே சந்தையில் விற்கும் விசைப்பலகையில் பிரெஞ்சைப் பிழையில்லாமல் எழுதுவதே ஏறக்குறைய முடியாத காரியமாக இருக்கிறது என்று 2016-இல் அவர்களுடைய கலாசார அமைச்சகமே வெளிப்படையாகக் குறைப்பட்டது. குறியோடு கூடிய தலைப்பெழுத்துகளுக்கு நேரான வழி இல்லை என்பது அவர்கள் புகார்களில் ஒன்று. மொழியில் குறிகள் அதிகம், குறைத்துக்கொள்ளலாம் என்று அமைச்சகம் சொல்லவில்லை. 2019-இல் அவர்களுடைய தரநிர்ணய அமைப்பான ஆஃப்னோர் புதிய விசைப்பலகைத் தரம் ஒன்றை வெளியிட்டது. மொழி இருக்கிறபடி இருக்கட்டும், இயந்திரம் திருந்தட்டும் என்பது அவர்கள் கட்சி. என் கட்சியும் அதுதான்.

நம் பக்கத்தில் ஆணை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1999-இல் விசைப்பலகைக்கு ஆணை வந்தது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16 குறியீட்டுக்கும் ஆணை வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் விசை எப்படி இருக்க வேண்டும், எழுத்தை எப்படிச் சேமிக்க வேண்டும் என்று சொன்னால் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கட்டத்தை, மென்பொருளை வாங்கும் அன்றே சோதிக்க வேண்டும். நாற்காலி வாங்கினால் கால் நான்கும் சரியாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவோம். லட்சக் கணக்கில் கொடுத்து வாங்கும் மென்பொருளில் ஒரு புள்ளி நிற்கிறதா என்று பார்க்கக் கூடாதா?

இப்போது எதிர்க்கட்சியின் வாதங்கள். "எல்லாரும் போனில் எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் வாயால் சொல்லி எழுதுகிறார்கள். விசைப்பலகை யாருக்கு வேண்டும்?" என்பது ஒன்று. போனில் வரும் தொடுவிசைக்குப் பின்னாலும் அதே குமாஸ்தாதான் உட்கார்ந்திருக்கிறார். வாயால் சொன்னாலும் கடைசியில் எழுத்து போய் விழுவது அதே கட்டத்தில்தான். கட்டம் கெட்டிருந்தால் எந்த வழியாக வந்தாலும் கெட்டதுதான்.

"இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாகிவிடுகிறதே" என்பது இன்னொன்று. அப்படி எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். ஆனால் அதற்கும் குமாஸ்தா வேண்டும், இன்னும் கூடுதலாக வேண்டும். 'என்' என்ற ஒரே இங்கிலீஷ் எழுத்துக்கு ந, ன, ண மூன்றில் எது என்று அவர்தான் தீர்மானித்தாக வேண்டும். தவிர, தமிழ் மட்டும் படித்த ஒரு கிழவி தன் பெயரைத் தமிழில் எழுத முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது வாதம், "தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, கேட்பாரில்லை" என்பது. கட்டம் எழுத விடாது. அதனால் யாரும் எழுத மாட்டார்கள். யாரும் எழுதவில்லை என்பதால் கட்டத்தைச் சரி செய்ய மாட்டார்கள். இந்த வட்டத்தில் எங்காவது ஓர் இடத்தில் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது.

ஆகவே ஒரு சிறிய சோதனைச் சீட்டு தருகிறேன். எந்தப் புதிய நிரலிலும் படிவத்திலும் செய்து பாருங்கள். தமிழ்99-இல் 'அம்மா' என்று எழுதுங்கள், புள்ளி தானாக விழுகிறதா பாருங்கள். 'ஸ்ரீ' எழுதுங்கள், உடையாமல் நிற்கிறதா பாருங்கள். 'கொ' எழுதிப் பின்னழிப்பு விசையைத் தட்டுங்கள், மற்றக் கட்டங்களில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறதா பாருங்கள். சொல்லைப் பாதியில் விட்டு வேறு இடத்தில் சொடுக்குங்கள், எழுதியது இருக்கிறதா பாருங்கள். பெயர்க் கட்டத்தில் புள்ளி, கால், கொம்பு உள்ள உங்கள் முழுப்பெயரை இட்டு அனுப்புங்கள். பிரெஞ்சுப் பெயர் உள்ளவர்கள் குறியோடு இட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது.

தேறவில்லையென்றால் இன்ன கட்டம், இன்ன சொல், இன்ன தப்பு, இன்ன தேதி என்று ஒரு கடிதம் போடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆயுள் முழுதும் செய்த வேலைதான். எந்தக் கட்டம் தேறியது, எது தேறவில்லை என்று எனக்கும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.